காற்றில்லாத இடத்தில் றெக்கை

விண்கலம் வரைந்து பிழைக்கிறவன் நான். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். "ராக்கெட் விடற ஆபீஸா தம்பி?" என்பார்கள். "இல்லைங்க, வீடியோ கேமுக்கு" என்றதும், வந்த மரியாதை வந்த வழியே திரும்பிப் போய்விடும். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் இந்தப் பதிலைக் கேட்ட பெண்ணின் தாய்மாமா, எனக்காக நீட்டிய பஜ்ஜித் தட்டை அப்படியே தன் மடிக்குத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் பெண் பார்க்கப் போகவில்லை. பஜ்ஜி போன கோபம்தான் காரணம் என்று அம்மா இன்றும் நம்புகிறாள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சலவைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு ஏசி, அந்த ஏசி சொட்டுவதைப் பிடிக்க ஒரு பக்கெட். ஒரு மேசையில் நான். கலத்தின் உருவம், நிறம், நெருப்பு எல்லாம் என் பொறுப்பு. இன்னொரு மேசையில் என் நண்பன். அந்தக் கலம் எப்படிப் பறக்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று கணினிக்குப் புரியவைக்கிறவன் அவன். சாந்தோமில் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அப்போது ஜன்னலோரத்து இடத்துக்கு. இப்போது றெக்கைக்கு.

நான் வரைந்த முதல் கலத்துக்குப் பெரிய றெக்கைகள் வைத்திருந்தேன். பருந்து பாயும்போது மடக்குமே, அந்த மாதிரி. பின்னால் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு. முன்னால், ஓட்டுகிறவன் முகம் தெரிகிற அளவுக்குக் கண்ணாடி. நண்பன் பார்த்தான். டீயை ஒரு வாய் குடித்தான். மறுபடி பார்த்தான்.

"இன்னா மச்சி இது?"

"ஷிப்பு."

"காத்தே இல்லாத எடத்துல றெக்கை எதுக்குடா? புழுக்கமா கீதுன்னு விசிறிக்கவா?"

"அழகுக்குடா."

"அழகு வேணும்னா மயிலை வரையேன். அதுவாச்சும் ஒரு முட்டை கிட்டை போடும்."

பிறகு அவனே ஒரு சலவைச் சீட்டின் பின்பக்கம் நிஜமான விண்கலம் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டினான். நேராக நிற்கிற ஒரு டப்பா. அடியில் எஞ்சின். எஞ்சின் கீழேயிருந்து தள்ளுவதால் உள்ளே எல்லாம் மாடி மாடியாக. உச்சியில் எரிபொருள் தொட்டி. சூட்டை வாங்கிக்கொள்ள வெளியே காற்று கிடையாது, ஆகவே சூட்டை வீசி வெளியேற்ற இரண்டு பக்கமும் அகலமான தகடுகள். கண்ணாடி கிடையாது. ஒரு ஜன்னல்கூட இல்லை. நான் உற்றுப் பார்த்தேன். கொட்டிவாக்கத்தில் என் அத்தை குடியிருக்கிற நாலு மாடிக் கட்டடமேதான். மேலே தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் கொடியில் காயும் போர்வைகள்.

"லிஃப்ட் இருக்கா, இல்ல அசோசியேஷன்ல பேசணுமா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. உண்மை விஷயத்தில் அவன் சிரிக்க மாட்டான். "சிரி மச்சி, சிரி. ஆனா கீறது இதான்."

"சரி, இதை எப்படி நிறுத்தறது? பிரேக் எங்க?"

"பிரேக்கா? எது மேல ஒராஞ்சு நிக்கும், உன் மேலயா? அப்டியே தலைகீழா திரும்பிக்கினு, எவ்ளோ தள்ளினியோ அவ்ளோவும் எதிர்ப்பக்கம் தள்ளணும். பாதி வழி போறது, மீதி வழி நிறுத்தறது."

"வெடிச்சா?"

"சத்தம் வராது."

நான் அதற்குள் விதவிதமான வெடிச்சத்தங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு முழுத் தீபாவளியையும் அவன் ஒரே வாக்கியத்தில் நனைத்துவிட்டான். உலகம் முழுக்க விண்வெளி விளையாட்டு செய்கிறவர்கள் இந்தச் சண்டையைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உண்மையாகச் செய்தால் ஓட்டுகிறவன் கொட்டாவி விடுவான். ஜாலியாகச் செய்தால் விஷயம் தெரிந்தவன் காறித் துப்புவான். நாங்கள் மாதக்கணக்கில் பேசாமல்கூட இருந்து பார்த்தோம். ஒரே அறையில் இரண்டு பேர், நடுவில் ஒரு பக்கெட். அது சொட்டுகிற சத்தத்தில் கோபத்தைக் கட்டிக் காப்பது கஷ்டம். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. விளையாட்டில் இரண்டு கலமும் இருக்கும். என்னுடையதற்கு நாங்கள் வைத்த பெயர் றெக்கை. அவனுடையது டேங்க். பிடித்ததை எடுத்து ஓட்டிக்கொள்ளட்டும்.

டேங்குக்கு ஒரே ஒரு சத்தத்தை மட்டும் அவன் அனுமதித்தான். பயணத்தின் முடிவில் கலத்தின் மூக்கு, விண்நிலையத்தின் துவாரத்துக்குள் போய்ப் பொருந்த வேண்டும். அப்போது இரும்பும் இரும்பும் தொட்டால், அந்த அதிர்வு கலத்தின் உடம்பு வழியாக ஓட்டுகிறவன் காதுக்கு வந்து சேரும். காற்று தேவையில்லை. அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்ய மந்தைவெளிக்குப் போனோம், என் அப்பாவின் கிளினிக்குக்கு.

அப்பா பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் காம்பால் எவர்சில்வர் தட்டின் விளிம்பில் தட்டினார். டிக். டிக். "போதுமா, இன்னும் கொஞ்சம் அழுத்தமா வேணுமா?" என்றார். நண்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்டியே மெதுவா டாக்டரே, சூப்பரு" என்றான். இவனை அப்பா ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளி நாட்களில் கடற்கரைக் கிரிக்கெட்டில் பந்து பட்டு இவனுடைய முன்பல் பாதியாக உடைந்தது. அழுதுகொண்டே வந்தவனை உட்காரவைத்து, உடைந்த பாதியை எது அசல் எது ஒட்டு என்று தெரியாதபடி கட்டிக்கொடுத்தவர் அப்பா. அன்றிலிருந்து அவன் அவருக்கு 'முன்பல்லு'. "முன்பல்லு வந்திருக்கான், காபி போடு" என்பார் அம்மாவிடம்.

அந்தப் பதிவு நடந்து கொஞ்ச நாளில் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. எதையாவது பிடித்தால் நடுங்கும். சின்ன சாமானாக இருந்தால் இன்னும் அதிகம். நரம்பு டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி, மாத்திரை எழுதி, ஓரளவு குறையலாம் என்றார். அந்த 'ஓரளவு' என்ற சொல்லை அப்பா ஒரு டாக்டராகப் புரிந்துகொண்டார், ஒரு நோயாளியாக மறுத்துவிட்டார். கிளினிக்கைப் பூட்டி, 'டாக்டர் வெளியூர் சென்றுள்ளார்' என்று பலகை மாட்டினார். மாட்டிய பிறகுதான் அதிலிருந்த சிக்கல் புரிந்தது. வெளியூர் போன டாக்டர் காலையில் பால் பாக்கெட்டோடு மந்தைவெளித் தெருவில் நடந்தால் நன்றாக இருக்காது. ஆகவே வீட்டோடு கிடந்தார். ஒருமுறை காய்கறிக் கடையில் பழைய நோயாளி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"எப்ப டாக்டர் வந்தீங்க?"

"இப்பத்தான். ஒரு வேலையா. உடனே கிளம்பணும்" என்று சொல்லிவிட்டு, வாங்கிய கத்திரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். எந்த ஊர் என்று அந்த ஆள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நானும் அம்மாவும் ரகசியமாகச் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை.

விரலுக்கு வேலை கொடுங்கள் என்று நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் செய்து முடிக்காத எங்கள் விளையாட்டை ஒரு கணினியில் போட்டு, கையில் பிடித்து ஓட்டுகிற கன்ட்ரோலரையும் சேர்த்து ஹாலில் கொண்டுவந்து வைத்தேன். அப்பா முதலில் றெக்கையை எடுத்தார். அன்றைக்கே எல்லா எதிரியையும் சுட்டு வீழ்த்தினார். நான் பெருமையாகப் பார்த்தேன்.

"என்னடா இது, என்னை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு அதுவே ஓடுது. நான் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கேன்?"

அவர் சொன்னது சரி. றெக்கைக்குள் நான் நிறையப் பொய் வைத்திருக்கிறேன். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோட்டின் கடைசித் துளி, பார்வைக்குத் தெரிவதைவிட நீளமானது. மயிரிழையில் தப்பினோம் என்று ஓட்டுகிறவன் நினைப்பான், நிஜத்தில் ஒரு முழம் பாக்கி இருக்கும். எதிரி சுடுகிற முதல் குண்டு எப்போதும் தவறும். ஓட்டுகிறவனுக்கு உதவு, உதவுவது தெரியக் கூடாது. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஒரு கல்லூரியில் கூப்பிட்டு மைக் கொடுத்தபோது இதைத்தான் பெரிய ஞானம்போல் சொல்லிவிட்டு, அவர்கள் போர்த்திய சால்வையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா டேங்குக்கு மாறினார். அதைத் தலைகீழாகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, நிலையத்தின் அருகே கொண்டுவந்து, துவாரத்தை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். "ரூட் கெனால் மாதிரி இருக்குடா!" என்றார். கிளினிக்கைப் பூட்டிய பிறகு அன்றுதான் அவர் குரலில் ஒரு சூடு வந்தது. ஆனால் கடைசியில் கை விளையாட்டுக் காட்டும். மூக்கு ஒரு பக்கமாகச் சாயும், துவாரத்தின் விளிம்பில் உரசும். டிக், டிக், டிக். பிறகு கலம் பின்னால் தள்ளிப்போகும். அவர் கத்த மாட்டார். தாமதமாக வந்த உதவியாளரைப் பார்ப்பதுபோல் தன் கையை ஒரு பார்வை பார்ப்பார். வேட்டியில் துடைத்துக்கொள்வார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இது பல வாரம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பன் வீட்டுக்கு வருவான். அம்மா வைக்கிற மீன் குழம்புக்காக வருவதாகச் சொல்லிக்கொள்வான். சாப்பிட்டுவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் டேங்க் ஓட்டுவதைப் பார்ப்பான். டிக், டிக் சத்தம் வரும்போது மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வான்.

ஒரு நாள் மதியம் அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "அப்பா சேர்த்துட்டாருடா!" என்றாள். பரீட்சை பாஸான குரல். பின்னால் அப்பா, "நேராப் போச்சுன்னு சொல்லு, உரசவே இல்லன்னு சொல்லு" என்பது கேட்டது. மறுநாளும் சேர்த்தார். அதற்கடுத்த நாள் ஒரு முறைகூடத் தவறவில்லை. அம்மா கேசரி கிண்டினாள். அப்பா கேசரிக் கிண்ணத்தோடு ஹாலில் நின்றுகொண்டு அறிவித்தார்.

"வெள்ளிக்கிழமை கிளினிக்கைத் திறக்கறேன்."

அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கேசரி கிண்டினது ஒரு விளையாட்டுக்கு, இதற்கில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"நரம்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேங்க."

"அவர் கேம் ஆடியிருக்காரா? அந்தத் துவாரம் எவ்ளோ சின்னதுன்னு உனக்குத் தெரியாது. அதுல உரசாம விடற கைக்குக் கடவாய்ப் பல் ஒரு பெரிய விஷயமா? எதிர் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சு."

எதிர் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். கீழ்க் கடவாய்ப் பல்லில் குழி விழுந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நடமாடிக்கொண்டிருந்தார். "டாக்டர் கையைத் தவிர வேற எவன் கையையும் என் வாய்க்குள்ள விடமாட்டேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லி, அப்பா வெளியூரிலிருந்து திரும்பக் காத்திருந்தார். அதாவது எதிர் வீட்டிலிருந்து திரும்ப. இப்போது அந்த வாய்க்குள், சுழலுகிற டிரில்லோடு அப்பாவின் கை போகப்போகிறது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம்பினேன். மாத்திரை வேலை செய்கிறது, பயிற்சி வேலை செய்கிறது, என் விளையாட்டு ஒரு மனிதரைக் குணமாக்கிவிட்டது. அடுத்த சால்வைக்கு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

"நீ ஒரு தடவை டேங்கைச் சேர்த்துக் காட்டேன், பார்ப்போம்" என்றார் அப்பா. "செஞ்சவனுக்கே ஓட்டத் தெரியாத ஒரே வண்டி இதுதான்."

அது உண்மை. டேங்கை நான் ஒரு முறைகூடச் சேர்த்தது கிடையாது. அலுவலகத்தில் நான் அதை ஓட்டினால் நண்பன் ஹெல்மெட் மாட்டிக்கொள்வான். அப்பா சிரிப்பதற்காகவே கன்ட்ரோலரை வாங்கினேன். கண்டபடி திருப்பினேன், கோணலாக நெருங்கினேன். மூக்கு தானாக நேரானது. எண்ணெய் தடவியதுபோல் துவாரத்துக்குள் போய் உட்கார்ந்தது. டிக் இல்லை.

"அட!" என்றாள் அம்மா.

"ரத்தம்டா" என்றார் அப்பா.

நான் ஜெயித்துவிட்டேன் என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. என் வாழ்க்கையில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

மறுநாள் காலை அலுவலகத்தில் அவன் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். "வீட்டுல இருக்கற டேங்குல என்னடா பண்ணி வெச்சிருக்க?"

அவன் குனிந்து லேஸை அவிழ்ப்பதில் அநியாயத்துக்கு நேரம் எடுத்துக்கொண்டான்.

"சொல்லுடா."

"கிட்ட வந்தப்புறம் கை ஆடறத மட்டும் எடுத்துட்டேன். இது குலுக்கலு, அது நெஜமான திருப்பலுன்னு பிரிச்சு, குலுக்கல கழிச்சுட்டேன். அப்பால... அந்தத் தொளை கொஞ்சம் இஸ்த்துக்கும்."

"எவ்ளோ இழுத்துக்கும்?"

"நீயே சேத்துட்டன்னா பாத்துக்கோ."

றெக்கைக்கு எத்தனை மாதம் சண்டை போட்டவன் இவன்! ஒரு ஜன்னல் வைக்க விடவில்லை, ஒரு பட்டாசு வெடிக்க விடவில்லை. கண்ணெதிரில் யாராவது புவியீர்ப்பைத் தப்பாகச் சொன்னால் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போய்த் திருத்துகிறவன். அவன் போய் இந்த வேலையைச் செய்திருக்கிறான்.

"ஒனக்கு அறிவிருக்காடா? அவர் கிளினிக் திறக்கறாரு! வெள்ளிக்கிழமை! ஒரு மனுஷன் வாய்க்குள்ள டிரில்லை விடப் போறாரு!"

"நான் கண்டனா மச்சி? கேம் ஆடிக்கினு சந்தோசமா இருப்பாருன்னு பாத்தா, கடையைத் தொறப்பாருன்னு எனுக்கு இன்னா தெரியும்? ஒவ்வொரு தபா ஒராயும்போதும் அவரு கையைப் பாக்கறாரே, அத நீ பாத்தியா? நான் பக்கத்துல குந்திக்கினு பாத்தேன். ஆறு ஞாயித்திக்கெழம பாத்தேன். இந்தப் பல்லு அந்தக் கை கட்டினதுடா." முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினான். "எல்லாருக்கும் காத்து இல்ல. அவருக்கு மட்டும் துளி காத்து வுட்டேன். அவ்ளோதான்."

உதவு, தெரியாமல் உதவு என்று மைக் பிடித்தவன் நான். அவன் அதைக் கேட்டு நடந்திருக்கிறான். என் வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஆள்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றான். "இன்னிக்கே சத்தம் காட்டாம எடுத்துடறேன். பழையபடி ஒராயும். அவரே புரிஞ்சுக்குவாரு, கடையும் தொறக்க மாட்டாரு."

சுலபமாகத்தான் இருந்தது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். நானும் ஒரு கணம் சரி என்று வாயெடுத்துவிட்டேன். பிறகு, அப்பா நேற்றுவரை நேராகப் போன டேங்க் இன்று உரசுவதைப் பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரே ராத்திரியில் கை கெட்டுப்போனது என்று நினைப்பார். இல்லாத கையைக் கொடுத்ததே போதும், அதை நோய் வந்து பிடுங்கிக்கொண்டதாக இன்னொரு பொய் வேண்டாம்.

"சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

"சொல்லு. உன் நைனாதான?"

"செஞ்சது நீ."

"வாயி உனுக்குத்தான கீது. எனுக்குப் பேச வராது."

கோபத்தில் எழுந்த என் காலில் பக்கெட் தட்டி, தண்ணீர் மொத்தமும் தரையின் விரிசல் வழியாகக் கீழே சலவைக் கடைக்கு இறங்கியது. இஸ்திரி போட்ட சட்டைகளின் சார்பாகக் கடைக்காரர் எங்கள் இருவர் குடும்பத்தையும் மூன்று தலைமுறைக்கு வாழ்த்தினார். அவர் வாழ்த்தி முடிக்கும்வரை நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அன்றைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

வாய் எனக்குத்தான் இருக்கிறது என்று அவன் சொன்னானே, அந்த வாய் இரண்டு நாள் உதவவில்லை. சாப்பாட்டின்போது ஆரம்பிப்பேன், ஒரு ஜோக்கில் போய் முடியும். அம்மா சிரிப்பாள், அப்பா சிரிப்பார், நான் தட்டைக் கழுவப் போய்விடுவேன். வெறும் உண்மையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் றெக்கை வைத்துப் பழகியவன்.

வியாழக்கிழமை மாலை அப்பா கிளினிக்கைச் சுத்தம் செய்யப் போயிருந்தார். நானும் நண்பனும் அவன் வண்டியில் மந்தைவெளிக்குப் போனோம். "நான் கீழயே நிக்கறேன்" என்றான் அவன். மாடிப்படியில் பாதிவரை வந்து அங்கேயே நின்றுகொண்டான். உள்ளே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை.

பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார் அப்பா. கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. நாற்காலியின் போர்வையை எடுத்து மடித்திருந்தார். வெள்ளை கோட்டு போட்டிருந்தார், இஸ்திரி மடிப்பு கலையாமல். என்னைப் பார்த்ததும், "அந்த லைட்டைப் போடு, எரியுதா பார்க்கலாம்" என்றார்.

லைட்டைப் போட்டேன். எரிந்தது. "அப்பா, அந்த டேங்க் தானா சேருதுப்பா" என்றேன்.

எப்படியெல்லாமோ ஒத்திகை பார்த்தது, கடைசியில் இப்படி வந்து விழுந்தது. பிறகு மீதியையும் சொன்னேன். நடுக்கத்தைக் கழித்தது, துவாரம் இழுப்பது, நான் ஓட்டியும் சேர்ந்தது. ஒரு ஜோக்கும் வரவில்லை.

அப்பா பஞ்சு டப்பாவின் மூடியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"எவ்வளவு?" என்றார்.

"என்னப்பா?"

"உதவி. அது எவ்வளவு, நான் எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. "முன்பல்லு எங்க? வந்திருக்கான்ல, அவன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. வரச் சொல்லு" என்றார். நான் கூப்பிடுவதற்குள் அவனே வாசலில் வந்து நின்றான். அப்பா அதே கேள்வியை அவனிடம் கேட்டார். திட்டவில்லை. எக்ஸ்ரே எங்கே என்று கேட்பதுபோல் கேட்டார்.

"கடைசிக் கொஞ்ச தூரந்தான் டாக்டரே. தொளைகிட்ட வந்தப்புறம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஃபுல்லா நீங்கதான். தலைகீழா திருப்பறது, வேகம் கொறைக்கறது, நேரா கொண்டாறது எல்லாம். சாமி சத்தியமா."

"ஆனா பல் டாக்டருக்குக் கடைசிக் கொஞ்ச தூரம்தானேடா வேலை?" என்றார் அப்பா.

நண்பன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அந்தப் பல் வெளியே தெரியக் கூடாது என்பதுபோல.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உட்காரு."

"எனக்குப் பல் வலி இல்லப்பா."

"உட்காருடா."

உட்கார்ந்தேன். நாற்காலியைச் சாய்த்தார். லைட்டை என் வாய்க்கு நேரே இழுத்தார். "பெரிசாத் திற." காம்பில் பிடித்த சின்னக் கண்ணாடி உள்ளே வந்தது. அவர் மூச்சைப் பிடித்திருந்தார், நான் அதைவிட அதிகமாக. கண்ணாடி என் கடவாய்ப் பல்லைத் தொட்டது.

டிக். டிக், டிக்.

எனக்கு அந்தச் சத்தம் மனப்பாடம். எத்தனை முறை கேட்டு, வெட்டி, ஒட்டியிருக்கிறேன். காற்று வழியாக வரவில்லை, தாடை வழியாக நேரே மண்டைக்குள் வந்தது. நண்பன் சொன்னதுபோலவேதான். அப்பாவுக்கும் கேட்டது. அவர் விரல் வழியாகக் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு பல்லில் வைத்துப் பார்த்தார். முழங்கையை என் தோளில் ஊன்றி வைத்துப் பார்த்தார். டிக், டிக், டிக்.

"பல்லு ஆடுதா?" என்றார்.

திறந்த வாயோடு, "இ...ல்ல...ப்பா" என்றேன்.

"ம்."

கண்ணாடியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். வைக்கும்போதும் அது ஒருமுறை சத்தம் போட்டது. நாற்காலியை நிமிர்த்தினார். "மேல் வரிசையில் ஒண்ணு சொத்தையாகுது. கவனிச்சுக்கோ" என்றார். அது உண்மைதான். அடுத்த மாதம் வலித்தது.

அங்கேயே நின்று எதிர் வீட்டு வாத்தியாருக்குப் போன் செய்தார். வெளியூர் என்று சொல்லவில்லை. "சார், எனக்குக் கை நடுங்குது. நான் பண்ண முடியாது. அடையாறுல என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு ஒருத்தி இருக்கா, நல்ல கை. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்தப் பக்கம் வாத்தியார் ஏதோ நீளமாகச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டே கோட்டின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு பொத்தான் கழலவில்லை. நண்பன் ஓரடி முன்னால் வந்தான். அப்பா கண்ணாலேயே அவனை நிறுத்தினார். அந்தப் பொத்தானுக்கு நேரம் பிடித்தது. நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் வாத்தியாரை ஆட்டோவில் அழைத்துப் போனார். உள்ளே அந்தப் பெண் டிரில் போடும் சத்தம் ஓயும்வரை, வெளியே நோயாளிகள் வரிசையில், பழைய பத்திரிகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வாத்தியார்தான் பிறகு சொன்னார். பத்திரிகை தலைகீழாக இருந்ததாகவும் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு. இது கூட்டியது என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

டேங்கிலிருந்து உதவியை எடுத்துவிடுவதாக நண்பன் வந்து சொன்னபோது அப்பா வேண்டாம் என்றார். "உதவி பண்ணு, வேணாங்கல. ஆனா பண்றப்ப ஒரு விளக்கு எரியணும். எப்ப நான், எப்ப அதுன்னு எனக்குத் தெரியணும். வேணாம்னா அணைக்க ஒரு பொத்தானும் வை."

வைத்தான். துவாரத்தின் பக்கத்தில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, எனவே றெக்கைக்கும் வைக்கச் சொன்னான். வைத்துப் பார்த்தேன். ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை அணையவே இல்லை, சாந்தோமில் கிறிஸ்துமஸ் மாதிரி. அன்று அவன் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான். நானும் சிரித்தேன். விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. றெக்கையை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்பா இப்போது காலையில் பால் வாங்கப் போகிறார். யாராவது கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுகிறார். கிளினிக் பூட்டித்தான் இருக்கிறது, பலகை இல்லாமல். மாலையில் டேங்க் ஓட்டுகிறார். பெரும்பாலும் விளக்கு எரிகிறது, கலம் நேராகப் போய் உட்காருகிறது, அவர் அடுத்த பயணத்தைத் தொடங்குகிறார். சில நாள் அந்தப் பொத்தானை அழுத்தி உதவியையும் விளக்கையும் அணைத்துவிடுவார். அது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். சமையலறையில் இருக்கிற அம்மா, கழுவ ஒரு பாத்திரமும் இல்லாதபோதும், குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவாள்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த டிக், டிக் கேட்கத்தான் செய்கிறது.